பக்கம் நூற்றுப் பதினேழு

பிளோரன்ஸ் மரியதாஸ் அவர்கள் காலமான செய்தி கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையில் வைத்து எனக்குக் கிடைத்தது. கையில் முருங்கைக்காய்க் கட்டு இருந்தது. அழைத்தவர் அவருடைய ஒரே மகள் ஷாமினி.

"அங்கிள், அம்மா இண்டைக்குக் காலமை மோசம் போயிட்டா. பூசை கண்டுட்டு வந்து தேத்தண்ணி குடிச்சவா. கோப்பையை மேசையில வச்சிட்டுக் கதிரையில சாஞ்சவா. அவ்வளவுதான்."

அதற்கு மேல் அவரால் கதைக்க முடியவில்லை. முருங்கைக்காயை வியாபாரியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, எதற்காகக் கொடுத்தேன் என்று தெரியாமலே பஸ்கள் ஓடும் காலி வீதிக்கு வந்து நின்றேன்.

எங்கள் இலக்கிய வட்டத்தின் செயலாளராக நான் பல வருடங்களாக இருக்கிறேன். எழுத்தாளர் ஒருவர் மறைந்தால் வட்டத்தின் வட்ஸ்அப் குழுவில் அறிவித்தல் போடுவது என் பொறுப்பு. அதற்கென்று ஓர் அச்சு வைத்திருக்கிறேன்: பெயர், துறை, நூல்கள், ஆழ்ந்த அனுதாபங்கள். வீதியோரத்தில் நின்றபடி பெயரை அடித்தேன். அடுத்தது துறை. நாவலாசிரியர் என்று அடித்தேன், அழித்தேன். நாடகாசிரியர் என்று அடித்தேன், அதையும் அழித்தேன். கடைசியில் பெயரையும் இறந்த செய்தியையும் மட்டும் அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இந்தக் கட்டுரையை நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டவரும் ஷாமினிதான். "அம்மா சொல்லி வச்சவா அங்கிள், செக்ரட்டரிதான் எழுதவேணும் எண்டு." உடனே ஒத்துக்கொள்ள எனக்குத் துணிவு வரவில்லை. காரணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிளோரன்ஸ் அக்கா எழுதி, தாமே அச்சிட்டு, தாமே கையெழுத்திட்டுத் தந்த பத்தொன்பது புத்தகங்கள் என் அலுமாரியில் இருக்கின்றன. அவர் கண்மூடும் வரை அவற்றில் ஒன்றைக்கூட நான் வாசித்திருக்கவில்லை. கடைசியாகத் தந்ததைத் தவிர, மற்றப் பதினெட்டையும் வாசித்ததாக மட்டும் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வட்டாரத்தில் இது புதினமில்லை. புத்தகம் தருவார்கள், இரண்டு கையாலும் வாங்குவோம், ஒரு மாதம் கழித்துக் கண்டால் நன்றாயிருந்தது என்போம். தந்தவரும் அதை நம்பியது போல் தலையாட்டுவார். நானும் எத்தனையோ பேருக்கு அப்படித் தலையாட்டியிருக்கிறேன். ஆனால் பிளோரன்ஸ் அக்கா அந்த வகையைச் சேர்ந்தவரில்லை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவரை நான் முதலில் கண்டது வெள்ளவத்தையில் நடந்த ஒரு நூல் வெளியீட்டில். பேச்சாளர் ஒருவர், மர்மக் கதைகளும் பேய்க் கதைகளும் சனத்தின் ரசனையைக் கெடுத்துவிட்டன என்று அரை மணி நேரம் முழங்கினார். கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்தார். வேலை முடிந்து கந்தோரிலிருந்து நேரே வந்திருந்தார் போலும். கையில் சாப்பாட்டுப் பெட்டி, குடை, தோளில் கனத்த பை.

"நான் கொட்டாஞ்சேனையில இருந்து வாறன். கொலைக் கதை எழுதுறனான். நீங்க சொன்ன கெட்டுப்போன ஆக்கள் என்ட வாசகர்தான் சேர். அவையள் சுகமா இருக்கினம், ஒரு குறையும் இல்லை. நீங்க ஒருக்கா வந்து பாக்கலாம்."

மண்டபம் சிரித்தது. பேச்சாளர் தண்ணீர் குடித்தார். கூட்டம் முடிந்ததும் அந்தப் பெண்மணி என்னிடம் வந்து, பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, மேசையில் வைத்துக் கையெழுத்திட்டுத் தந்தார். "நீங்கதானே செக்ரட்டரி? பிடியுங்கோ. சும்மா அடுக்கி வைக்கிறதுக்கு இல்லை." அன்றிலிருந்து கடைசி வரை அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. செக்ரட்டரிதான்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஒரு கம்பனியில் அவர் எழுதுவினைஞராக இருந்தார். கணவர் மரியதாஸ் இத்தாலிக்கு வேலைக்குப் போனவர். சில வருடங்களில் அங்கேயே காலமாகிவிட்டார். ஷாமினி அப்போது சிறு பிள்ளை. மகளை வளர்த்ததும் தனியாக, எழுதியதும் தனியாக. எழுத்துக்கு அவருக்குக் கிடைத்த நேரம் பகல் சாப்பாட்டு இடைவேளை மட்டுமே. மேசை லாச்சியில் தடித்த அட்டை போட்ட ஐந்தாறு சீ.ஆர். கொப்பிகள் வைத்திருந்தார். ஒன்றில் துப்பறியும் கதை, ஒன்றில் பேய்க் கதை, ஒன்றில் காதல், ஒன்றில் சிறுவர் கதை, இன்னொன்றில் தவக்காலத்துக்குப் பங்குக் கோயிலில் போடும் இயேசுவின் பாடுகளின் நாடகம். எல்லாம் ஒரே காலத்தில் வளரும்.

"எதை எப்ப எழுதுறது எண்டு எப்பிடி முடிவு செய்யிறனீங்கள்?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"காலமை மனேஜர் ஏசினால் கொலைக் கதை. மழை பிடிச்சால் பேய். ஆராவது கல்யாணக் காட் கொண்டந்து தந்தால் காதல். மனம் எந்தக் கொப்பியைக் கேக்குதோ அதை எடுக்கிறது."

கொழும்பின் பதிப்பாளர் ஒருவர் அவரைத் தேடி வந்தது உண்டு. பேயையும் கொலையையும் விட்டுவிட்டுக் குடும்ப நாவல் மட்டும் எழுதித் தந்தால் தாம் போடுவதாகச் சொன்னாராம். நல்ல வாய்ப்பு, ஒத்துக்கொள்ளுங்கள் என்று நானும் புத்தி சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் என்னத்தை எழுதுறது எண்டு வேற ஆக்கள் சொல்லக்கூடாது எண்டுதானே, இந்த வெயிலுக்கை நானே அச்சுக்கூடத்துக்கு நடக்கிறன். பேந்து ஏன் அவர் சொல்லுறதை எழுதவேணும் செக்ரட்டரி?"

அப்படியே நடந்தார். கொட்டாஞ்சேனை ஒழுங்கையொன்றில் இருந்த சிறிய அச்சுக்கூடத்தில், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அட்டையிலிருந்து கடைசிப் படிவம் வரை பக்கத்தில் நின்று பார்ப்பார். திருவிழாக் கடைகளில் விற்பார். கந்தோர் கந்தோராகக் கொண்டு போய்க் கொடுப்பார். விற்காததைப் பற்றி அவர் புலம்பி நான் கேட்டதில்லை.

அவருடைய படைப்புகளில், அவர் இருந்த காலத்திலேயே நான் முழுதாக அனுபவித்தது ஒன்றே ஒன்று. ஒரு தவக்காலத்தில் பாடுகளின் நாடகம் பார்க்க என்னை அழைத்தார். நான் சைவன், மரியாதைக்காகப் போனேன். அந்த நாடகத்தில் அவர், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் தாயை மேடையில் ஏற்றியிருந்தார். மகன் செய்ததை ஊர் முழுவதும் தூற்றுகிறது. அவள் சந்தை நடுவில் நின்று, "என் பிள்ளை இன்னும் சாப்பிட வரவில்லை" என்கிறாள். அவ்வளவுதான் அவளுக்கு வசனம். எனக்கு முன்னால் இருந்த துறைமுகத் தொழிலாளர் ஒருவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். முடிந்ததும் பிளோரன்ஸ் அக்காவைத் தேடிப் போய், "அக்கா, இப்பிடி ஒண்டை நான் பாத்ததில்லை" என்றேன்.

"உண்மையாவோ?" என்று கேட்டார். இரண்டாம் தடவையும் கேட்டார். "உண்மையாவோ செக்ரட்டரி?"

என்ன இந்த மனுசி இப்படிச் சந்தேகப்படுகிறாவே என்று எனக்குச் சற்றுக் கோபம்கூட வந்தது.

இனி நான் எழுதுவது என்னைப் பற்றிய குற்றப்பத்திரம். சில வருடங்களுக்கு முன் எங்கள் வட்டம் கொழும்பிலுள்ள தமிழ் எழுத்தாளர்களின் விவரங்களைத் திரட்டி ஒரு நூலாக வெளியிட முடிவு செய்தது. விண்ணப்பப் படிவத்தைத் தயாரித்தவன் நான். கவிதை, சிறுகதை, நாவல், நாடகம், விமர்சனம் என்று அத்தியாயம் பிரித்தவனும் நான். படிவத்தில் "துறை" என்று ஒரு வரி இருந்தது. ஒன்றை மட்டும் குறிப்பிடவும் என்று அடியில் போட்டிருந்தேன்.

பிளோரன்ஸ் அக்கா பஸ் ஏறி, படிவத்தை நேரில் கொண்டு வந்து தந்தார். அந்த வரியில் இடம் போதாமல் இரண்டு தாள் ஒட்டியிருந்தார். எல்லாத் துறைகளும், எல்லா நூல்களும், அவருடைய வட்டமான எழுத்தில்.

"அக்கா, ஒண்டை மட்டும் போடுங்கோ. நாடகம் எண்டு போடுவம். அது மரியாதையாயும் இருக்கும்."

அவர் கதிரையில் சாய்ந்தார். "செக்ரட்டரி, நான் கந்தோரில கடிதம் அடிக்கிறனான், கப்பல் பேப்பர் பாக்கிறனான், சுங்கத்துக்குப் போய்ச் சண்டையும் பிடிக்கிறனான். என்னைக் கிளார்க் எண்டுதான் எல்லாரும் சொல்லுறவை. ஒண்டைத் தெரிவு செய் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. எழுத்தாளர் எண்டு போட்டால் காணாதோ?"

"நூல் அப்பிடிப் பிரிச்சிருக்கு அக்கா. ஏலாது."

"சரி, யோசிச்சுச் சொல்லுறன்" என்று படிவத்தை வாங்கி, மடித்து, பையில் வைத்துக்கொண்டார். திருப்பித் தரவில்லை.

இதோடு முடிந்திருந்தால், படிவம் வரவில்லை என்று என் மனதை நான் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் கடைசிக் கூட்டத்தில் எங்கள் தலைவரே அவருடைய பெயரை எடுத்தார். "பல்துறை எண்டு கடைசியில ஒரு பகுதி போடுவம். பிளோரன்சை அதில சேப்பம்" என்றார். மறுத்தவன் நான். ஒருவருக்காக ஓர் அத்தியாயம் திறக்க முடியாது என்றேன். பேய்க் கதைக்கு இடம் கொடுத்தால் நாளைக்கு ராசிபலன் எழுதுகிறவர்களும் வருவார்கள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் நன்றாகப் பகிடி விடுவேன் என்று வட்டத்தில் பெயர். அந்தப் பகிடியோடு அவருடைய பெயர் போய்விட்டது.

நூல் வெளியீட்டுக்கு அவர் வந்திருந்தார். ஒரு பிரதி வாங்கிக்கொண்டு பின்வரிசையில் அமர்ந்து, ஒவ்வொரு அத்தியாயமாகப் புரட்டினார். நான் மேடையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கம் வரை போனார். பிறகு மூடி மடியில் வைத்தார். இரண்டு வாரம் கழித்துக் கண்டபோது சொன்னார்: "நல்ல வேலை செக்ரட்டரி. முழுக்க வாசிச்சனான். எழுத்துப் பிழை ஒண்டும் காணேல்லை."

அடுத்த வருடம் அவருடைய புதிய துப்பறியும் நாவல் வந்தது. பெயர் "பக்கம் நூற்றுப் பதினேழு". அவருடைய துப்பறியும் கதைகள் எல்லாவற்றிலும் கதாநாயகி ஒருவர்தான்: துறைமுகத்துக் கிளார்க் தெரேசா. பொலிஸ் தடுமாறும் இடத்தில் தெரேசா கப்பல் பேப்பரைப் பார்த்துக் கொலைகாரனைப் பிடித்துவிடுவாள். வழமை போல எனக்கும் ஒரு பிரதி கிடைத்தது. வழமை போல நானும் அதை அலுமாரியில் வைத்தேன்.

மாதம் ஒன்று கடந்திருக்கும். வெள்ளவத்தையில் ஒரு சைவக் கடையில் தேநீர் குடிக்க இருவரும் போயிருந்தோம். அவர் வடையைப் பிய்த்தபடி கேட்டார்.

"வாசிச்சாச்சோ செக்ரட்டரி?"

"ஓம் அக்கா. நல்லா இருந்தது."

"நூற்றிப் பதினேழாம் பக்கம் எப்பிடி?"

"அதுதான் அக்கா உச்சம். நான் எதிர்பாக்கவே இல்லை."

அவர் சிரிக்கத் தொடங்கினார். சாதாரணமான சிரிப்பில்லை. வடையைத் தட்டில் போட்டுவிட்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பரிமாறுகிறவர் வந்து தண்ணீர் வைத்துவிட்டுப் போனார். என் பாராட்டில் மகிழ்ந்துவிட்டார் என்று நினைத்து நானும் கூடச் சிரித்தேன்.

அதன் பிறகும் அவர் நிறுத்தவில்லை. ஓய்வு பெற்ற பின் கொப்பிகள் லாச்சியிலிருந்து வீட்டு மேசைக்கு வந்தன. சமையல் குறிப்பு எழுதினார். அதிலும் ஒவ்வொரு கறிக்கும் ஒரு சிறிய கதை இருந்தது. சிறுவருக்கு விடுகதை எழுதினார். முழங்கால் வருத்தம் கூடிய பிறகு வெள்ளவத்தைப் பக்கம் வருவது குறைந்தது. சென்ற வருடக் கடைசியில் நான் கொட்டாஞ்சேனைக்குப் போய் அவரைப் பார்த்தேன். மெலிந்திருந்தார். பத்தொன்பதாவது புத்தகத்தைக் கையில் தந்துவிட்டுச் சொன்னார்.

"நான் செத்தால் என்னைப் பற்றி நீங்கதான் எழுதவேணும்."

"அப்பிடிக் கதைக்காதேங்கோ அக்கா."

"எழுதுறதெண்டால் வாசிக்க வேண்டி வரும், பாருங்கோ."

முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. தேநீரை ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். நான் தலையைக் குனிந்துகொண்டு குடித்தேன். அவருக்குத் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக, முழங்காலுக்கு எந்த எண்ணெய் நல்லது என்று கதைத்துவிட்டு வந்தேன். அதுவே எங்கள் கடைசிச் சந்திப்பு.

மரண வீட்டில் சனம் நிறைந்திருந்தது. எங்கள் வட்டத்தில் வந்தவர்கள் நான்கு பேர். மற்றவர்கள் எல்லோரும் வாசகர்கள். முச்சக்கர வண்டி ஓட்டும் ஒருவர் தெரேசாவின் வழக்குகளை வரிசையாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற கன்னியாஸ்திரி ஒருவர் ஆச்சரியப்பட்டு, "அவ கொலைக் கதையும் எழுதினவவோ? எங்களுக்கு நாடகம் மட்டும்தான் தெரியும்" என்றார். புடைவைக் கடையில் வேலை செய்யும் இரு பெண்களுக்கு அவர் காதல் கதை எழுதுகிறவர் மட்டுமே. பேய்க் கதை வாசிக்கிறவர்கள் வாசலுக்கு வெளியே நின்றார்கள். ஒவ்வொருவரும் தங்களுடைய பிளோரன்ஸ் அக்காவைக் கொண்டு வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து, "ஐயா எதை வாசிப்பீங்க?" என்று கேட்டார். நான் கூட்டத்துக்குள் நழுவினேன்.

அடக்கத்துக்கு மறுநாள் காலை, முதலாவது புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுப் பல்கனியில் உட்கார்ந்தேன். கீழே கரையோர ரயில் போய் வந்தது. மூன்று வாரமும் காலையும் பின்னேரமும் அதே கதிரைதான். கடமைக்குத் தொடங்கியது இரண்டாம் நாளே கடமையாக இல்லாமல் போனது. பேய்க் கதை ஒன்றில் ஒரு பேய் கையில் சாவிக் கொத்தோடு வெள்ளவத்தை ஒழுங்கைகளில் தன் வீட்டைத் தேடித் திரிகிறது. கலவரத்தில் வீடு எரிந்து, அந்த இடத்தில் மாடிக் கட்டடம் வந்துவிட்டது. காவலாளியிடம் பேய் மிகவும் பணிவாக, "இந்தச் சாவி எதற்கும் பொருந்துமா என்று பார்க்கலாமா?" என்று கேட்கிறது. அதை வாசித்தபோது எனக்குப் பயம் வரவில்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். நான் குடியிருப்பதும் அப்படி எழுந்த ஒரு மாடிக் கட்டடத்தில்தான்.

ராசிபலனோடு சேர்த்து நான் கேலி செய்த எழுத்து இதுதான்.

பன்னிரண்டாவதாக "பக்கம் நூற்றுப் பதினேழு" வந்தது. வெள்ளவத்தை இலக்கிய வட்டம் ஒன்றின் புரவலர் கொலை செய்யப்படுகிறார். அவரைக் கொல்லப் போவதாக எழுதிய கடிதம் ஒரு புத்தகத்துக்குள் இருந்தது. அந்தப் புத்தகம் செயலாளரின் அலுமாரியில் இருந்தது. முன்கூட்டியே தெரிந்தும் மறைத்தார் என்று பொலிஸ் செயலாளரைப் பிடித்துக்கொண்டு போகிறது. செயலாளர் மெலிந்தவர், மூக்குக் கண்ணாடிக்காரர், நன்றாகப் பகிடி விடுகிறவர். இது யார் என்று விளங்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

நூற்றுப் பதினைந்தாம் பக்கத்தைத் திருப்பப் போனேன். திருப்ப முடியவில்லை. தாளின் மேல் விளிம்பு வெட்டப்படாமல், அடுத்த தாளோடு ஒன்றாக மடிந்தபடி இருந்தது. அச்சுக்கூடத்துப் பிழை என்று நினைத்து, குசினியிலிருந்து கத்தியைக் கொண்டு வந்து மெதுவாகக் கீறினேன். உள்ளே நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் தெரேசா பொலிஸ் அதிகாரியிடம் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"இவரை விட்டுவிடுங்கள், சேர். கடிதத்தை ஓரத்தால் செருகியிருந்த பக்கம் இன்னும் வெட்டுப்படாமல் இருக்கிறது, பாருங்கள். இவர் புத்தகம் வாங்குவார், அடுக்குவார், நன்றாயிருந்தது என்று சொல்லுவார். வாசிக்க மாட்டார். வாசிக்காதது சட்டப்படி குற்றமில்லை."

செயலாளர் விடுதலையாகிறார். தெரேசா அவரை பஸ் தரிப்பிடம் வரை கூட்டிக்கொண்டு போகிறாள். பஸ் வரும்போது, "ஒரு நாளைக்கு வாசியுங்கள். அவசரமில்லை" என்கிறாள்.

கத்தியைக் கீழே வைத்தேன். பிறகு ஷாமினியை அழைத்து, அவரிடமுள்ள பிரதியில் அந்தப் பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தது. என் பிரதியை மட்டும் அச்சுக்கூடத்தில் சொல்லி அப்படி வைத்திருக்கிறார். கோபத்திலா, பகிடிக்கா என்று எனக்குத் தெரியவில்லை. கோபமென்றால், அந்தச் செயலாளரைக் கொலைகாரனாக்க அவருக்கு ஒரு நிமிடம் போதும். அவர் என்னைக் காப்பாற்றியிருந்தார். நான் வந்து சிரித்துக்கொண்டு சண்டை பிடிப்பேன் என்று எதிர்பார்த்துச் சில வருடங்கள் இருந்திருப்பார். அதை நினைக்கத்தான் தாங்கவில்லை.

திரட்டு நூலின் புதிய பதிப்பு வரப் போகிறது. சென்ற வாரம் கூடிய கூட்டத்தில், அத்தியாயப் பிரிவுகளை எடுத்துவிட்டு எல்லோரையும் அகர வரிசையில் போடுவோம் என்றேன். பிளோரன்ஸ் மரியதாஸ், எழுத்தாளர் என்று ஒரு பதிவு எழுதிக் கொண்டு போயிருந்தேன். வாதாடுவதற்குக் குறிப்புகளும் வைத்திருந்தேன். தலைவர், "அதுதான் நல்லம்" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. எவ்வளவு சுலபமான வேலை அது. அன்றைக்கு நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலே போதும்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, கல்லறைத் தோட்டமான சேமக்காலையில் அவருடைய குழியடியில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நின்றோம். என் பையில் அவருடைய ஏழாவது புத்தகம் இருந்தது. "இரண்டாவது பயணச்சீட்டு" என்ற காதல் நாவல். கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு, இத்தாலியில் வேலை செய்யும் கணவன் விமானச் சீட்டு அனுப்புகிறான். அவளுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. மகள் மடியில் நித்திரை. கட்டுநாயக்காவுக்குப் போகும் வழியில், விமான நிலையத்தின் விளக்குகள் தெரியும் தூரத்தில், அவள் சாரதியிடம், "திருப்புங்கள்" என்கிறாள். நாவல் அங்கே முடிகிறது. ஏன் திரும்பினாள் என்று ஒரு வரியும் இல்லை. இரண்டு தடவை வாசித்தும் எனக்கு விளங்கவில்லை. ஒரு வாசகனுக்கு வரவேண்டிய கேள்வி, முப்பது நாள் பிந்தி எனக்கு வந்திருந்தது.

ஷாமினியிடம் கேட்டேன். "பிள்ளை, இந்தக் கதையில அந்தப் பொம்பிளை ஏன் திரும்பினவ? அம்மா எப்பவாவது சொன்னவவோ?"

"எது அங்கிள்? காதல் கதையோ? நான் வாசிக்கேல்லை. அம்மா எழுதின காதல் கதையை வாசிக்க எனக்கு ஒரு கூச்சம். நான் தெரேசா மட்டும்தான் வாசிப்பன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன்? அதில என்ன இருக்கு?" என்றார்.

சொல்லலாமா என்று யோசித்தேன். பிறகு சொன்னேன். கதைதான் பிள்ளை, எல்லாம் நடந்ததென்று எடுக்கக் கூடாது என்றும் சொன்னேன். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"அப்பா டிக்கட் அனுப்பினவரோ?" என்றார். "எனக்கும் சேர்த்தோ?"

புத்தகத்தைக் கொடுத்தேன். வந்திருந்தவர்கள் தேநீருக்காக மண்டபத்துக்குப் போகத் தொடங்கினார்கள். யாரோ ஷாமினியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. தாயின் குழிக்குப் பக்கத்திலிருந்த சீமெந்துக் கட்டின் மேல், வெயிலையும் பாராமல் உட்கார்ந்து முதலாவது பக்கத்தைத் திறந்தார்.

பிளோரன்ஸ் அக்கா, கேட்பதற்கு எங்கள் இருவரிடமும் இப்போது கேள்வி இருக்கிறது. சொல்ல நீங்கள் இல்லை. ஒருவர் கேட்டிருந்தால் எவ்வளவு ஆசையாகச் சொல்லியிருப்பீர்கள். போய் வாருங்கள். அவசரமில்லை என்று எழுதி வைத்தீர்களே, அந்த ஒரு வரியில் மட்டும் பிழை விட்டுவிட்டீர்கள் அக்கா.